பிளாஷ்பேக் ஓடும்போது எழும்பக் கூடாது

எந்தப் பேய்ப் படம் போட்டாலும் எனக்குப் பக்கத்தில் இடம் பிடித்து வைத்த என் மாமிக்கு,

வருகிற மாசியோடு நீங்கள் போய் ஒரு வருஷம். உங்கள் நீலக் கதிரை டிவிக்கு முன்னால் அதே இடத்தில்தான் கிடக்கிறது. உங்கள் பேத்தி மட்டும் அதில் காலை மடக்கி உட்காருகிறாள். "அப்பாயி கதிரை, நான் ஒக்காந்தா ஒண்ணும் சொல்லாது" என்கிறாள். எல்கடுவைத் தோட்டத்தில் மூன்று நாளாக விடாத மழை, டிஷ்ஷில் ஒரு படமும் வரவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தாயா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது.

அதனால் இல்லை மாமி. ரிஸ்வானா டீச்சர் கேட்டதால். மாத்தளை டவுனில் மாதம் ஒரு சனிக்கிழமை பெண்களைக் கூட்டி வைத்துப் படம் போட்டுப் பேசுகிறவர் அவர். நான் வேலை செய்யும் பிள்ளைக் காம்பராவுக்கு, கொழுந்தெடுக்கப் போகிற அம்மாமார் குழந்தைகளை விட்டுப் போகும் அந்த அறைக்கு, ஒரு நாள் புத்தகம் கொடுக்க வந்தார். பேச்சு எப்படியோ பேய்ப் படத்துக்குப் போனது. நீங்கள் சொல்லுகிற நாலைந்து விஷயத்தை எடுத்து விட்டேன். அவர் புத்தகப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இதுக்குப் பேரு பெண்ணியப் பார்வை, செல்வி. இதைத்தான் நாங்க அங்க மண்டையை ஒடச்சிக்கிட்டுப் பேசுறோம். வர்ற சனிக்கிழமை நீங்க வந்து பேசுங்க. பேச வரல்லன்னா எழுதி வந்து வாசிங்க."

உங்களுக்கு அந்தச் சொல் தெரியாது. எனக்கும் அன்றுவரை தெரியாது. இந்தியாவிலிருந்து வந்த எந்தப் பேயையும் கதிரையில் உட்கார்ந்தபடியே நிறுத்தி விசாரிக்க மட்டும் உங்களுக்குத் தெரியும்.

"ஏன் புள்ள, எல்லாப் பேயும் வெள்ளைச் சேலையில வருது? நம்ம லயத்துல செத்த பொம்பள எவகிட்ட வெள்ளைச் சேல இருந்துச்சு? ஒரு பேயாவது கொழுந்துக் கூடையோட வருதா பாரு." இதை நீங்கள் சொன்னபோது நம் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். அப்புறம் கதாநாயகி குளிக்கிற காட்சி வரும். பேய் பின்னாலிருந்து பார்ப்பதுபோல் படம் மெல்ல மெல்லக் கிட்டே போகும். "பேய்க்கு அங்க என்னா வேல? அது பேயில்ல, படம் புடிக்கிறவன். நாம குளிக்கிற பீலிக்கரையில எட்டிப் பாக்கிறானுங்களே, அவனுங்க சொந்தக்காரன்" என்று நீங்கள் திட்டுவீர்கள். ரிஸ்வானா டீச்சர் இதைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இதையே ஆறு பக்கத்துக்கு எழுதிய ஒரு கட்டுரை தன்னிடம் இருக்கிறது என்றார்.

முடிவுகள்தான் உங்களுக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஒருத்தியைக் கெடுத்தான், கொன்றான், கிணற்றில் போட்டான் என்று அரை மணி நேரம் அழ வைப்பார்கள். கடைசியில் ஒரு சாமியார் வந்து அவளைப் போத்தலில் அடைத்துவிடுவார். நல்ல பெண்சாதி தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள், பாட்டுப் போடுவார்கள். "ரெண்டு பொம்பளைய மோத விட்டுட்டு அந்த ஆம்பள எங்க போனான்?" என்று நீங்கள் படம் முடிந்து எழுத்து ஓடும்வரை தேடுவீர்கள். சில படங்களில் பேய் கதாநாயகனின் உடம்புக்குள் புகுந்து பழி வாங்கும். அதற்கும் ஒரு முணுமுணுப்பு: "கோவப்படக்கூட இவளுக்கு ஒரு ஆம்பள ஒடம்பு வேண்டிக் கெடக்கு."

எல்லாவற்றுக்கும் மேலே உங்கள் சட்டம் ஒன்று இருந்தது. மற்ற வீடுகளில் பிளாஷ்பேக் வந்தால்தான் எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றுவார்கள். நம் வீட்டில் அப்போது மட்டும் யாரும் அசையக் கூடாது. "செத்தப்புறமாவது சொல்ல வந்திருக்கா. அவ சொல்லி முடியட்டும். அதுக்குப் பொறவு நீ எங்க வேணா போ."

இதையெல்லாம் வாசித்தால் போதும், கூட்டம் கைதட்டும். ஆனால் இதை மட்டும் வாசித்துவிட்டு இறங்கி வர எனக்கு மனசு வரவில்லை. பத்து வருஷத்துக்கு முந்திய அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லாமல் உங்களைப் பற்றி நான் என்ன சொல்ல? அதைச் சொன்னால் நீங்கள் படத்தில் வருகிற மாமியார் ஆகிவிடுவீர்களே என்றுதான் இத்தனை நாள் பேனாவை மூடி மூடி வைத்தேன்.

அதற்கு ஒரு மாதம் முந்தி, வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. ஒரு நாள் காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உங்களிடம் வந்து வலிக்குது என்றேன். "இதெல்லாம் ஒரு வலியா? நடந்தா சரியாப் போயிரும்" என்றீர்கள். கொழுந்தெடுக்க மலைக்கு நடந்தேன். மத்தியானம் மலையில் வைத்தே எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எனக்குப் பேச்சு வரவில்லை. பேச முடியாமல் இல்லை, யாரிடம் எதைச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு மாதம் அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லயத்தில் பேச்சுக் கிளம்பியது: மலையில் வைத்து ஏதோ பிடித்துவிட்டது.

பூசாரிக்குச் சொல்லி அனுப்பியது நீங்கள்தான். அத்தனை பேய்ப் படம் பார்த்த நீங்கள், வீட்டுக்குள்ளே இருந்த என்னைப் பார்த்துப் பேய் என்று நினைத்துவிட்டீர்கள். அதில் எனக்குக் கோபம் இருந்தது மாமி. இன்று பொய் சொல்ல மாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உச்சி நேரம். இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், பலகை போட்டு என்னை உட்கார வைத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசினார் பூசாரி. உடுக்கு அடித்தது. லயமே திரண்டு நின்றது. கொழும்புக் கடையில் லீவு போட்டு வந்திருந்த உங்கள் மகன், பேய் கேட்டால் கொடுப்பதற்காக ஒரு கறுப்புக் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுவரோரம் நின்றார்.

"யாரு நீ? பேரச் சொல்லு."

வேப்பிலைக் கொத்து தோளில் விழுந்தது.

"செல்வி" என்றேன்.

"அது இந்தப் புள்ள பேரு. செத்தவ பேரக் கேக்குறேன்."

"செல்விதான்."

கூட்டம் பின்வாங்கியது. பூசாரிக்கும் கொஞ்சம் தடுமாற்றம். "எங்க வச்சுப் புடிச்ச? என்னா நடந்துச்சு? சொல்லு!" என்று அதட்டினார்.

அப்போதுதான் நான் நிமிர்ந்து பார்த்தேன். நாற்பது ஐம்பது பேர். ஒருவர்கூட இருமவில்லை. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மருமகளாகச் சொன்னால் காதில் விழாது, பேயாகச் சொன்னால் கடைசிவரை கேட்பார்கள். எனக்குள் எந்தப் பேயும் வரவில்லை மாமி. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த படங்கள்தான் வந்தன.

"ஏழு மாசம்" என்று ஆரம்பித்தேன். "இடுப்பு வலிக்குதுன்னு மாமிகிட்டச் சொன்னேன். இதெல்லாம் ஒரு வலியான்னாங்க. கங்காணிகிட்டச் சொன்னேன். ஒன் மாமியே ஒண்ணும் சொல்லலியேன்னாரு. கூடைய எறக்கி வைக்கிறப்ப காலெல்லாம் ரத்தம். மாமி நம்பல. யாருமே நம்பல."

உங்கள் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. பூசாரி அவசரமாக அடுத்த கேள்விக்குப் போனார். வந்த பேய்க்கு வேண்டியதைக் கொடுத்துத்தானே அனுப்ப வேண்டும். "சரி, ஒனக்கு என்னா வேணும்? கேட்டு வாங்கிட்டு எறங்கிப் போயிரு."

உங்கள் மகன் கோழியை முன்னால் நீட்டினார்.

"வலிச்சுச்சான்னு ஒருத்தர் கேக்கணும்" என்றேன்.

உடுக்கு நின்றுவிட்டது. சாராயம் கேட்ட பேய், சுருட்டுக் கேட்ட பேய் எல்லாம் அவர் பார்த்திருப்பார். இதற்கு எதை எடுத்துக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் கதிரை தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. நீங்கள் எழும்பி வந்து, முட்டி நோவோடு என் முன்னால் உட்கார்ந்தீர்கள்.

"வலிச்சுச்சாம்மா?"

"ஆமா மாமி" என்றேன்.

எந்தப் பேயாவது மாமி என்று கூப்பிடுமா? நான் மாட்டிக்கொண்டது எனக்கே அப்போதுதான் புரிந்தது. நீங்கள் என் நெற்றித் திருநீற்றை முந்தானையால் துடைத்துவிட்டுத் திரும்பினீர்கள். "உடுக்கைய வைங்க சாமி. இங்க பேயுமில்ல, ஒண்ணுமில்ல. இது என் மருமக."

அதற்குப் பிறகு நான் அழுத அழுகை உங்களுக்குத் தெரியும். லயத்தில் சிலர் இன்னும் பேய் இறங்கிப் போனதாகத்தான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தக் கோழியை அறுக்க நீங்கள் விடவில்லை. அது மூன்று வருஷம் முட்டையிட்டு, வயசாகித்தான் செத்தது.

மூன்றாம் நாள் என்னை மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனீர்கள். பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி, யாரோ மூன்றாவது ஆளைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னீர்கள்.

"அந்தப் பேய் சொன்னதுல ஒண்ணு தப்பு. மாமி நம்பலன்னு சொல்லிச்சு. நம்பினேன் புள்ள. நம்பினா அப்பொறம் என்னா செய்யிறதுன்னுதான் எனக்குத் தெரியல."

நான் உங்கள் பக்கம் திரும்பினேன்.

"எனக்கும் மொதப் புள்ள அப்படித்தான் போச்சு. பொம்பளப் புள்ள. அதே மலையில. நடந்தா சரியாப் போயிரும்னு என் மாமி சொன்னாங்க. அதே வார்த்த. அது எப்படி என் வாயில வந்துச்சுன்னு மூணு நாளா யோசிக்கிறேன்."

"ஒங்க மாமிகிட்ட நீங்க அப்பொறம் கேக்கவே இல்லியா?"

"பேயா வந்துதான் கேட்டிருக்கணும். எனக்கு ஒன் புத்தி வரல" என்று சொல்லிச் சிரித்தீர்கள். பஸ் டவுனுக்கு வந்துவிட்டது. இறங்கினோம்.

அன்றிலிருந்து நீங்கள் இருந்தவரை ஒரு நாளாவது "வலிக்குதா?" என்று கேட்காமல் விட்டீர்களா? உங்கள் பேத்தி வயிற்றில் இருந்தபோது கங்காணி வீட்டு வாசலிலேயே போய் நின்று, இவள் மலைக்கு வரமாட்டாள் என்று சொன்னீர்களே. அந்தப் பிள்ளை இன்று உங்கள் கதிரையில் உட்கார்ந்திருப்பது அதனால்தான். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று உயிரோடு இருக்கும்போது எனக்குத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன் மாமி. நூறு தரம் நன்றி.

அதற்குப் பிறகு நீங்கள் படம் பார்த்த விதமும் மாறிப்போனது. மருமகளைக் கொளுத்துகிற மாமியார் திரையில் வந்தால் முன்பெல்லாம் மண்ணை வாரித் தூற்றுவீர்கள். பிறகு ஒரு நாள் மெதுவாகக் கேட்டீர்கள்: "இவளுக்கும் ஒரு பிளாஷ்பேக் போட்டா என்னா?" இப்போது வருகிற படங்கள் கொஞ்சம் பரவாயில்லை. போன மாதம் டிவியில் போட்ட ஒன்றில் பேயை விரட்டவே இல்லை. வீட்டுக்காரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதுவும் சோறு சாப்பிட்டது. உங்களுக்குப் பிடித்திருக்கும். ஆனால் மாமியாருக்குப் பிளாஷ்பேக் வைத்த படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

உங்கள் மகனுக்கு நான் பேசப் போவது பிடிக்கவில்லை. "செத்துப்போன அம்மாவ டவுன் ஆளுங்க முன்னால வில்லி ஆக்கப் போறியா?" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நேற்று சாயந்தரம், அதுவரை எழுதிய இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். கோழி வருகிற இடத்தில் லேசாகச் சிரித்தார். பஸ் வருகிற இடத்தில் நின்றுவிட்டார்.

"எனக்கு ஒரு அக்கா இருந்தாங்களா?"

அவருக்குத் தெரியாது மாமி. நாற்பது வயதில், உங்களுக்குக் கொள்ளி வைத்த பிறகு தெரிந்துகொண்டார்.

"பேரு ஏதாச்சும் வச்சிருந்தாங்களா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. பஸ் டவுனுக்கு வந்துவிட்டது, இறங்கினோம், டாக்டரைப் பார்த்தோம், திரும்பி வந்தோம். மீதியை நான் கேட்கவே இல்லை. அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்தோம், ஒரு நாளும் கேட்கவில்லை. எனக்கு மட்டும்தான் நீங்கள் உங்கள் கதையைச் சொன்னீர்கள். அதில் பாதியில் எழும்பிப் போனவள் நான்.

சனிக்கிழமை இதை முழுசாக வாசிப்பேன் மாமி. நீங்கள் சொன்ன வார்த்தையையும் வாசிப்பேன், அந்த வார்த்தை உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் வாசிப்பேன். உங்கள் மகன் முன் வரிசையில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆரம்பிப்பதற்கு முன்னால் உங்கள் சட்டத்தைச் சொல்லிவிடுவேன், ஒருவரும் தேத்தண்ணிக்கு எழும்பக் கூடாது.

இன்னொன்றும் சொல்கிறேன். பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட வருகிறவள் இடுப்பில் கை வைத்தபடி நின்றால், வலிக்குதா என்று கேட்பேன். அவள் சொல்லி முடிக்கிறவரை நான் எழும்ப மாட்டேன்.

உங்கள் முதல் பிள்ளையின் பெயரைக் கேட்க மறந்த
உங்கள் மருமகள்,
செல்வி