எட்டுச் செலவன்று கவிழ்ந்த கச்சான் கறி

என் ஆசை அப்பாவுக்கு,

நீங்கள் கண்மூடிய எட்டாம் நாள், உங்கள் எட்டுச் செலவுப் படையலில் இரத்தம் சிந்திவிட்டது. அம்மா வாய் திறக்கமாட்டார், தம்பிக்கு வெட்கம். அதனால் நான் எழுதுகிறேன்.

உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் படைக்க வேண்டும் என்று நம் பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டில் காலையிலிருந்தே சமையல். நண்டு, கணவாய், ஒரு சின்னப் போத்தல் விஸ்கி. மத்தியானம் தம்பி ரூபனும் பின்டாவும் தங்கள் லொங்குய் வீட்டிலிருந்து வந்தார்கள். உங்கள் மருமகள் வெறுங்கையோடு வரவில்லை. கச்சான் கடலையை அரைத்து, முழு மிளகாயை மிதக்கவிட்டு, செனகலில் தன் தாய் வைக்கிற அதே கோழிக்குழம்பு, மாஃபே. ஞாயிறுகளில் கடைக்கென்று சொல்லிவிட்டு மெட்ரோ ஏறி அவர்கள் வீட்டுக்குப் போய் நீங்கள் சாப்பிட்டது அதுதானே? அம்மாவுக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்?

பின்டா சட்டியை எங்கள் அடுப்பில் கொதிக்கவைத்து, உங்கள் படத்தடிக்குத் தூக்கி வந்தாள். சிவா மாமா குறுக்கே நின்றார். அம்மாவின் ஒரே தம்பி, ஆனால் இவர்களின் கலியாணத்துக்கே வராத மனிதர்.

"கண்ட ஆக்கள் சமைச்சதை அத்தானுக்கு வைக்கேலாது" என்றார்.

பின்டாவுக்குத் தமிழ் விளங்கவில்லை. அப்பாவுக்குத்தான் என்று பிரெஞ்சில் மெல்லச் சொல்லி, விலகிப் போகப் பார்த்தாள். மாமா சட்டியைத் தட்டிவிட்டார்.

கொதிக்கிற குழம்பு அவளுடைய கையிலும் காலிலும் கொட்டுண்டது. அவள் அலறி முடிக்கமுதல் ரூபன் மாமாவின் முகத்தில் குத்தினான். மூக்கு உடைந்தது. விழுந்தவரின் நெஞ்சில் ஏறியிருந்து, குழம்புக்குள் அவர் தலையை நிலத்தோடு மோதினான். நீங்கள் ஒருநாளும் கைநீட்டாமல் வளர்த்த பிள்ளை, அப்பா. அந்தக் கை எங்கேயிருந்து வந்தது? மாமா படையலில் இருந்த போத்தலை எட்டிப் பிடித்து அவன் நெற்றியைப் பிளந்தார். நடுவில் விழுந்த எனக்கும் முழங்கையால் ஓர் இடி.

அம்மா பின்டாவின் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தபடி நின்றார். குரலை உயர்த்தவே இல்லை.

"ரூபன், அவனை விடு. இவளை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போ."

ரூபன் எழுந்தான். பிறகு அம்மா மாமாவைப் பார்த்தார்.

"இவரின்ர உயிர் அந்தச் சாப்பாட்டிலதான் கிடந்தது. எனக்குத் தெரியும் சிவா. நீ இனி இந்த வாசலுக்கு வராதை."

மாமா மூக்கைப் பொத்திக்கொண்டு, அழுதபடி படியிறங்கினார். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டுமோ?

எல்லோரும் போன பிறகு அம்மா சட்டியின் அடியை வழித்து உங்கள் இலையில் வைத்தார்.

பின்டாவின் கையில் இப்போது புதுத்தோல் வருகிறது. ரூபனின் நெற்றியில் தையல். பொலிஸ் இரண்டு பக்கத்தையும் விசாரிக்கிறது, என்னவாகுமோ தெரியாது. போன ஞாயிறு அம்மா முதல்முறையாக லொங்குய்க்குப் போனார். கரண்டி பிடிக்க முடியாத பின்டா கதிரையிலிருந்து கைகாட்ட, அம்மா கச்சான் அரைத்தார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆனாலும் உப்புக்காக நல்ல சண்டை.

ஆண்டுத் திவசத்தன்று மரக்கறிதான்; அது முடிந்த மறுநாள் உங்களுக்கு மாஃபே படைப்போம், அப்பா. சட்டியை நான் தூக்கி வருவேன். குறுக்கே யார் நின்றாலும் நிற்கட்டும்.

உங்கள் மூத்த மகள்,
பின்டாவின் மச்சாள்,
சுபா