ரங்கூனில் ஒரு பாகிஸ்தான் வேட்பாளர்

காக்கா,

இன்று காலை தாமுவேயில் ஒரு மாடிப்படி ஏறும்போது மோட்டார் காயில் கருகிய வாடை அடித்தது. யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்திருக்கிறார்கள். உங்கள் சட்டையில் எப்போதும் இருந்த வாடை. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது. அழுது முடித்தாயிற்று, கோபம்தான் தீரவில்லை.

நாம் கூடப்பிறந்தவர்கள் இல்லை. நம் ஆட்கள் அண்ணனை அழைப்பதுபோல் காக்கா என்று அழைத்தேன், அது நிலைத்துவிட்டது. மோட்டார் பழுதுபார்க்க இந்த வட்டாரத்தில் நீங்கள் ஏறாத மாடி கிடையாது. "பார்லிமெண்டுல இருக்கிறவன் எவனும் படியேறுனதில்லடா, அதான் நாலாம் மாடிக்குத் தண்ணி ஏறல" என்று ஒருநாள் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள். மறுவாரம் நாடாளுமன்றத்துக்குச் சுயேச்சையாக மனுப் போட்டீர்கள். நான் சிரித்தேன்.

முதல் தடவை பரிசீலனையோடு முடிந்தது. அதிகாரி உங்கள் அடையாள அட்டையைப் பார்த்தார். இனம் என்ற இடத்தில் 'பாகிஸ்தான்' என்று இருந்தது. என் அட்டையிலும் அதுதான் இருக்கிறது. அட்டை எழுதுகிறவருக்கு முஸ்லிம் என்றால் இரண்டே சொல் தெரியும்: வங்காளி, இல்லாவிட்டால் பாகிஸ்தான். உங்கள் அப்பா காயல்பட்டினத்திலிருந்து கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். அவருடைய அப்பா இங்கே லான்மடாவில் கடை போட்டபோது பாகிஸ்தான் என்றொரு நாடே பூமியில் இல்லை. இதை நீங்கள் சொன்னபோது அதிகாரி கொட்டாவி விட்டார். "அதெல்லாம் வரலாறு, ஊலே. இது கார்டு" என்றார். ஊலே என்றால் மாமா. மாமா என்று மரியாதையாக அழைத்துத்தான் மனுவைத் தள்ளினார். பெற்றோர் குடிமக்கள் என்பதற்கு ஆதாரம் இல்லையாம்.

அடுத்த தேர்தலுக்குள் உங்கள் அப்பாவின் பழைய குடியுரிமை அட்டை மதினியின் துணிப்பெட்டிக்குள் கிடைத்தது. இனித் தள்ள முடியாது. எனக்குப் பர்மிய எழுத்து வேகமாக வரும் என்பதால் மனுவை நான் நிரப்பினேன். அப்போது நான் செய்ததை மறைக்கப் போவதில்லை. அலுவலகத்தில் ஒருவனைப் பிடித்துப் புது அட்டைக்கு வழிசெய்துவிட்டு, மனுவில் இனம் 'பமா' என்று எழுதினேன். பர்மியர் என்று சொன்னால் பாதித் தொல்லை தீரும். ஜெயிக்கத்தானே நிற்கிறோம் என்று நினைத்தேன்.

நீங்கள் அதைப் படித்துவிட்டு நாலாகக் கிழித்தீர்கள்.

"இப்பிடி ஜெயிச்சா, ஜெயிச்சவன் யாருடா? அவனுக்கு எதுக்கு நான் போஸ்டர் ஒட்டணும்?"

"அப்ப பாகிஸ்தான்னே நில்லுங்க. உங்க வீட்டு ஓட்டுகூட விழாது."

"அது அவன் எழுதுன பொய்யி. இது நான் எழுதுற பொய்யி. ரெண்டும் ஒண்ணா ஒனக்கு?"

எனக்கு அன்று ஒன்றாகத்தான் தெரிந்தது. மதினிக்கு அதைவிடப் பெரிய பயம். "செவுத்துல பேரு ஏறவேணாங்க. புள்ளைங்க அந்த வழியாத்தான் பள்ளிக்கூடம் போவுது" என்றார்கள். பேர் ஏறியது. வேட்பாளர் பட்டியலில் பேருக்குப் பக்கத்தில் இனமும் மதமும் போட்டு ஊர் பார்க்க ஒட்டினார்கள். தேநீர்க்கடையில் ஒருவன் எல்லோருக்கும் கேட்கிறமாதிரி, "ஊலே, கராச்சிக்கு எப்பக் கிளம்புறீங்க?" என்றான். "ஒன் வீட்டு மோட்டார் நேத்தே நின்னுபோச்சுன்னியே. அத முடிச்சிட்டுக் கிளம்புறேன்" என்றீர்கள். கடையே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. மாலையில் நீங்கள் அவன் வீட்டுக்குப் போய் மோட்டாரைச் சரிசெய்தீர்கள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

படுதோல்வி. மானத்தோடு தோற்றோம் என்று அதற்குப் பூச்சூட்ட எனக்கு மனமில்லை. பட்டாளம் ஆட்சியைப் பிடித்துவிட்டதால் ஜெயித்தவராலும் அந்த அவைக்குப் போய் உட்கார முடியவில்லை. அந்தக் கதை ஊரறிந்தது. நம் ஜமாஅத்துப் பெரியவர்கள், "சொன்னோமே, கேட்டாரா?" என்று உங்களைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டார்கள். நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு படியேறினீர்கள். "அடுத்த தடவையும் போடுவேன்" என்றீர்கள். அடுத்த தடவைக்குள் காய்ச்சல் வந்து உங்களைக் கொண்டுபோய்விட்டது.

அடக்கம் முடிந்து நாற்பது நாள் கழித்து, மதினியும் நானும் இறப்பைப் பதியப் போனோம். அந்தத் தாள் இல்லாவிட்டால் உங்கள் மோட்டார் பட்டறையின் வாடகைச் சீட்டு மதினி பேருக்கு மாறாது, இடத்தின் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கவுண்டரில் இருந்த பெண் உங்கள் அட்டையைப் பார்த்து எழுதினாள். இனம், பாகிஸ்தான். நான் வாதாடினேன். இனப் பட்டியலில் தமிழ் இல்லை என்றாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. எனக்கும் சலித்துவிட்டது.

"கையெழுத்தப் போட்டுடுங்க மதினி. பட்டற போயிடும்."

மதினி என்னைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண்ணிடம் பர்மியத்தில் மெதுவாகக் கேட்டார்கள்: "இதை யாரும்மா எழுதினது?"

"நான்தான்."

"அப்ப நீங்களே கையெழுத்துப் போடுங்க."

தாளைக் கவுண்டருக்குள் தள்ளிவிட்டு மதினி வெளியே நடந்தார்கள். பேர் சுவரில் ஏறக்கூடாது என்று பயந்த அதே மதினி. பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. இப்போது வீட்டில் சமோசா போட்டு விற்கிறார்கள். கையெழுத்து இன்னும் போடவில்லை. அரசாங்கக் காகிதத்தில் நீங்கள் உயிரோடுதான் இருக்கிறீர்கள், காக்கா. இரண்டு பொய்யும் ஒன்றில்லை என்று எனக்கு அந்தக் கவுண்டரில்தான் உறைத்தது.

போன வாரம் என் அட்டையைத் திருத்தக் கேட்டு நானே மனு எழுதினேன். இனம், தமிழ். முடியாது என்று வாயால் மட்டும் சொல்லித் திருப்பினார்கள். அந்த மனு என் சட்டைப்பையில் இருக்கிறது. பயமில்லாமல் ஓட்டுப் போடுகிற ஒரு நாள் இந்த ஊருக்கு வந்தால், அதே சொல்லோடு வேட்புமனுவும் போடுவேன். தள்ளுவார்கள். தள்ளட்டும். ஆனால் வாயால் சொன்னால் நகரமாட்டேன். என்ன காரணம் என்று எழுதி, கீழே தங்கள் பேரைப் போட்டுத் தள்ளட்டும்.