பன்னிரண்டாவது பக்க விளைவு

14 ஜூலை 2014, திங்கள்

காலையிலேயே வெயில். வல்லம் ரோட்டில் லாரிப் புழுதி. ஆல்வினுக்கு இன்று ரத்தம் ஏற்றும் நாள். தம்பிக்குத் தலசீமியா, உடம்பு தானாக நல்ல ரத்தம் செய்யாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவனுக்கு ரத்தம் ஏறும், எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும்.

இன்று அவனுக்குக் கிடைத்தவை: சிக்கன் பரோட்டா, ஸ்கெட்ச் பேனா செட், டிவி ரிமோட், அம்மாவின் மடி.
எனக்கு: மீந்த சால்னா.

ஆனால் பெரிய சமாச்சாரம் வேறு. வெளிநாட்டில் மரபணு சிகிச்சை ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்களாம். அவனுடைய செல்லையே எடுத்து, பல் பிடுங்கிய பாம்பு மாதிரி விஷம் நீக்கிய வைரஸ் கூட்டுக்குள் நல்ல மரபணுவை வைத்து, செல்லுக்குள் அனுப்பி, திரும்ப அவனுக்கே ஏற்றுவார்களாம். இவன் வயது, ரிப்போர்ட் எல்லாம் ஒத்துவருகிறது, பெயர் அனுப்பலாமா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். சனிக்கிழமைக்குள் பதில். பக்க விளைவுகள் இரண்டு பக்கம், இங்கிலீஷில்.

வேறு யாருடைய எலும்பு மஜ்ஜையும் தேவையில்லையாம். அதுதான் குத்தியது. போன வருஷம் அவனுக்கு மஜ்ஜை கொடுக்க என்னைச் சோதித்து, பொருந்தவில்லை என்றார்கள். நான் ஃபெயிலான ஒரே ரத்தப் பரீட்சை. இப்போது பரீட்சையே ரத்து. அவனே கேள்வி, அவனே விடை.

கூடவே விமானம். நான் தாம்பரம் தாண்டியதில்லை.

15 செவ்வாய்

புழுக்கம். மொழிபெயர்ப்பு வேலை என் தலையில். அப்பாவின் இங்கிலீஷ் கம்பெனி வாசலோடு நின்றுவிடும்: ரிஜெக்ட், ரீவொர்க், ஓவர்டைம். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தமிழில் எழுதினேன். முதலில் கடும் மருந்து கொடுத்துப் பழைய மஜ்ஜையைக் காலி செய்வார்கள். அதனால் முடி கொட்டும். வாய் முழுக்கப் புண். வாந்தி. சின்னக் காய்ச்சல்கூட ஆபத்தாகலாம். ரத்தம் உறையாமல் ஒழுகலாம். ஈரல் வீங்கலாம். பிற்காலத்தில் குழந்தை பிறக்காமல் போகலாம். பத்தாவது: புது மரபணு தப்பான இடத்தில் போய் உட்கார்ந்தால் ரத்தப் புற்றுநோய் வரலாம், பதினைந்து வருஷம் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பதினொன்று: இவ்வளவும் பட்டு, பலிக்காமலும் போகலாம்.

பத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. உண்மை.

அப்போது பார்த்து அம்மா அடுப்படியிலிருந்து: “அங்க குளுருமாம் ஜெனி. ஒன் ஸ்வெட்டர அவனுக்குக் குடுத்துடு.”

பேச்சுப் போட்டியில் நான் பரிசாக வாங்கிய ஸ்வெட்டர். ஒரகடம் வெயிலில் போட முடியாதுதான். அதற்காக?

எழுதினேன். 12. புது மரபணு ஏறுவதால் முகச்சாயல் மாறலாம். பிறகு இந்த வீட்டுப் பிள்ளை என்று பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள்.

வாசித்துக் காட்டி, அவர்கள் முழிப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டு அந்த வரியை அடித்துவிடலாம் என்று திட்டம். டியூஷன் விட்டு வருவதற்குள் நோட்டு அப்பா கையில்.

16 புதன்

அப்பா முதல் ஷிஃப்ட் முடித்து வந்ததும் ஸ்கேலும் சிவப்புப் பேனாவும் கேட்டார். பிரேக் பாகம் செய்யும் கம்பெனியில் தரச் சோதனை அவர் வேலை. புது பார்ட் லைனுக்கு வருமுன் அதில் என்னென்ன கெடலாம் என்று ஒரு தாள் போடுவார்கள். கெட்டால் எவ்வளவு மோசம், எத்தனை தடவை கெடும், முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியுமா. மூன்றுக்கும் பத்துக்குள் மார்க். மூன்றையும் பெருக்கி, எது பெரிய எண்ணோ அதற்கு வழி கண்டுபிடிக்காமல் லைன் ஓடாது.

என் பட்டியலை அப்படியே ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதினார். இப்போது லைனில் ஆல்வின்.

பத்தாவதுக்கு மோசம் பத்து. ஆனால் வருஷா வருஷம் ரத்தம் பார்த்தால் தெரியும் என்று மற்றதில் மார்க் குறைந்தது. பன்னிரண்டு எல்லாவற்றையும் முந்திவிட்டது.

“ஜீன மாத்துனா மூஞ்சி மாறாம இன்னா ஆவும்? இத்த முன்னாடியே அளந்து பாக்க கேஜும் கெடையாது.” அப்பா சிவப்பு வட்டம் போட்டார்.

அம்மா, ஆல்வின் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மூக்கு அவள் அப்பாவின் மூக்கு. வாய்ப்புண்ணுக்கும் மொட்டைக்கும் கலங்காதவள். டாக்டரிடம் வேண்டாமென்று சொல்லிவிடலாம் என்றாள். அப்பா தலையாட்டினார்.

பன்னிரண்டு என் கைவேலை என்று நான் சொல்லவில்லை. யாரும் விமானம் ஏறவில்லை, ஸ்வெட்டர் என் பெட்டியில். ஜில்லென்று இருந்தது. இந்த வரியை எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

17 வியாழன்

வேதியியல் டெஸ்ட். சுமார். வீட்டில் யாரும் கேட்கவில்லை. வழக்கம்.

18 வெள்ளி

மத்தியானம் தூறல். ஸ்கூல் விட்டு வந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஆல்வின் அப்பாவின் தாளோடு வந்து உட்கார்ந்தான். திட்ட வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன், அவன் முந்திக்கொண்டான்.

“மொட்ட பரவால்லக்கா. வாந்தி பழக்கந்தான். இந்தப் பன்னெண்டுதான் கஷ்டம்.”

ஏன் என்றேன்.

“ஸ்கூல்ல யாரும் என்ன அடிக்க மாட்டாங்க, ஜெனி தம்பின்னு. சட்டைக்குள்ள தவக்களை வுட்டுடுவன்னு பயம். மூஞ்சி மாறிட்டா எவன் நம்புவான்?”

அதற்கு அவனே ஒரு வழி வைத்திருந்தான். நாங்கள் இருவர் மட்டும் அறிந்த ஒரு சொல். திரும்பி வரும்போது அதைச் சொன்னால் நான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். அவன் போகத்தான் நினைக்கிறான். அப்பாவிடம் நான் பேசினால் கேட்பார் என்கிறான்.



நாலரைக்குக் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கே போய் அப்பாவிடம் சொன்னேன். பன்னிரண்டு நான் எழுதியது. ஆஸ்பத்திரித் தாளில் பதினொன்றுதான். அவர் அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தன் தாளை எடுத்து விரித்தார். அந்த வரியை அழிக்க நான் ரப்பர் எடுத்ததும் கையைப் பிடித்தார்.

“அழிக்கக் கூடாது. ஒரு கோடு. கீழ எழுத்து தெரியணும். பக்கத்துல கையெழுத்து, தேதி.”

போட்டேன். அம்மா எனக்கு டீ கொடுக்கவில்லை. ஆல்வின்தான் பாதி கொடுத்தான், பிறகு “தவக்களை” என்று காதில் சொன்னான். அதுதான் அந்தச் சொல்லாம். அது இனி தேவையில்லை என்றேன். இருக்கட்டும் என்கிறான்.

19 சனி

மழை இல்லை. நால்வரும் ஆஸ்பத்திரி. டாக்டர் அப்பாவின் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். கோடு போட்ட வரியையும். மரபணுவில் ரத்தத்துக்கு உரியதை மட்டும்தான் தொடுவார்கள், மூக்கு பத்திரம் என்று அம்மாவிடம் சொன்னார். பத்தாவதை யாராலும் கோடு போட்டு அடிக்க முடியாது என்றும் சொன்னார். அம்மா ஆல்வினைக் கேட்டாள். அவன் தலையாட்டினான். பெயர் போகிறது. அங்கே சேர்த்துக்கொள்வார்களா தெரியாது.

திரும்பும்போது பஸ்ஸில் தாளைப் பார்த்தேன். கடைசிக் கட்டம் நேற்று காலியாக இருந்தது. பொறுப்பு யார் என்ற கட்டம். வாய்ப்புண், அம்மா. காய்ச்சல், அம்மா. மருந்து, அப்பா. பத்தாவதுக்கு எதிரே, பதினைந்து வருஷமும்: ஜெனி.

எனக்கு முப்பத்தொன்று ஆகிவிடும். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஸ்வெட்டரைப் போட்டுவிட்டேன். அவனுக்குக் கை நீளம். மடித்து விட்டேன். விமானத்தில் ஜன்னல் சீட்டு வேண்டுமாம் துரைக்கு.