வேகமானிக்கு வைத்த சந்தனம்

அன்புள்ள அண்ணா,

உங்கள் விமானத்தின் வேகமானி இன்று காலைச் சோதனையில் அசையவில்லை. சொன்னவர் மெட்ராஸிலிருந்து வந்த ஆய்வாளர். உங்கள் மகன் செல்வராசு அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, எஞ்சினை முடுக்கி நல்லூர்ப் பொட்டலில் விமானத்தை ஓட்டினான். தரையை விட்டுக் கிளப்பவில்லை. இறங்கியதும் அவனிடம் நானும் கேட்டேன். முள் பூஜ்யத்திலேயே படுத்துக் கிடந்ததாம்.

நீங்கள் பொருத்தியபோது அது சரியாகத்தான் இருந்தது. இறக்கைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயில் ரப்பர் டியூபை மாட்டி ஊதி, கண்ணாடிக் குழலில் நிறத் தண்ணீர் ஏற ஏற முள்ளும் ஏறுவதை எனக்குக் காட்டினீர்கள். எதிர்க்காற்று அந்தக் குழாய்க்குள் புகுந்து அழுத்தினால்தான் முள் நகரும் என்றீர்கள். நீங்கள் படுக்கையில் விழுவதற்குச் சற்று முன்பு அது.

உங்கள் கூட்டாளி, பனியன் கம்பெனி கந்தசாமி, உடனே வாய் திறந்தார். "செத்தவரக் குத்தஞ் சொல்லக் கூடாதுங்க சார். ஆனா அவரு மாட்டுனது அப்புடி." கூடாது என்று சொல்லிக்கொண்டே சொல்லும் திறமை அவருக்கு உண்டு. வேறு திறமை எதையும் நான் பார்த்ததில்லை.

ஆய்வாளர் குழாயின் வாயில் மெல்லிய கம்பியை விட்டார். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது. அதன் பின்னால் குங்குமம்.

ஆயுத பூஜையன்று பின்னல் மிஷின், தையல் மிஷின், தராசு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, மிச்சச் சந்தனத்தோடு கந்தசாமி விமானத்திடம் வந்திருக்கிறார். பூஜையை நான் குறை சொல்லவில்லை. நீங்களும் எஞ்சின் மூடிக்குப் பொட்டு வைத்தவர்தான். ஆனால் தூசி போகாதிருக்கக் குழாய்க்கு நீங்கள் தைத்துப் போட்ட துணி உறையை அவர் கழற்றியிருக்கிறார்.

"சாமிக்கு முன்னால தலப்பாக் கட்டோட நிக்கலாமுங்களா?" என்று ஆய்வாளரையே கேட்டார்.

"இது காத்து போற வழிங்க."

"காத்துக்கு வழி யாருங்க காட்டோணும்? அது எங்கயும் போகுமுங்களே!"

இந்த மனிதரையா அண்ணா, ஊரில் இத்தனை பேர் இருக்கக் கூட்டாளியாகப் பிடித்தீர்கள்? விமானத்தை நிறுத்த அவரிடம் கொட்டகை இருந்தது, சரி. தலைக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை தட்டிப் பார்த்திருக்கக் கூடாதா?

வெள்ளிக்கிழமை அவருடைய புதுக் கட்டடத் திறப்பு விழா. மேலே விமானம் பறக்கும் என்று நோட்டீஸ் அடித்து ஒட்டிவிட்டார். சோதனை முடியாமல் பறக்கக் கூடாது என்று ஆய்வாளர் உத்தரவு எழுதிக் கொடுத்தார். அவர் கார் மறைந்ததும் கந்தசாமி சிரித்தார்.

"உத்தரவு மெட்ராஸ்ல இருக்கட்டுமுங்க. வானம் நம்மூர்லதான இருக்குது? முள்ளு ஆடுலீன்னா என்ன? நம்ம பஸ் டிரைவரு மீட்டரப் பாத்தா ஓட்டறாரு?"

வேகம் குறைந்தால் பஸ் நிற்கும், விமானம் விழும். இதை அவருக்கு யார் சொல்வது? அண்ணி சொன்னார்கள். கொட்டகை வாசலில் நின்றபடி, குரல் உயர்த்தாமல்.

"விமானத்துல ரெண்டு சீட்டுங்களே. வெள்ளிக்கெழம எம்பையன் பக்கத்துல நீங்களும் உக்காந்துக்கோங்க."

"எனக்குப் பிரஷருங்க அம்மிணி. டாக்டரு ஏறப் படாதுன்னுட்டாரு."

"அதுக்கென்னுங்க, சந்தனம் வெச்சா செரியாப் போயிருமுங்க."

கந்தசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெட்கம் என்று நினைத்தேன். இல்லை, வெயில். கொஞ்ச நேரத்தில் செல்வராசுவைத் தனியே அழைத்துத் தோளில் கை போட்டார். "உங்கொப்பன் ஆசைடா கண்ணு. ஊரே அண்ணாந்து பாக்கோணும்."

உங்கள் ஆசை அது இல்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் மகனுக்குத் தெரியுமா? கோயம்புத்தூரில் விமானம் ஓட்டக் கற்று வந்தவன், ஆய்வாளர் சொன்னது முழுவதும் புரிந்தவன். ஆனாலும் "பாக்கலாமுங்க மாமா" என்றான். அந்தப் 'பாக்கலாம்' எனக்குப் பிடிக்கவில்லை அண்ணா.

குழாயையும் உள்ளே போகும் இணைப்பையும் கழுவி, உங்கள் தண்ணீர்ச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். அதற்கு ஆய்வாளர் திங்கட்கிழமை வருகிறார். வெள்ளிக்கிழமை அதற்கு முன்னால் வருகிறது. செல்வராசு பறக்க மாட்டேன் என்று இன்னும் சொல்லவில்லை.

சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை காலை கொட்டகை திறக்கும்போது ஓட்டுபவர் இருக்கையில் நான் உட்கார்ந்திருப்பேன், எழுந்து இடம் விட மாட்டேன். கந்தசாமி ஊரைக் கூட்டி என்னைத் தூக்கி எறியட்டும். ஊர் அதை அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்காது.

உங்கள் தம்பி,
செல்வராசுவின் சித்தப்பன்