தீவிலிருந்து வந்த பெட்டி

1937 ஜனவரி 19, செவ்வாய்.

குளிர்காலத்தில் அந்தமானுக்குப் போய்ப் பெரிய மீன்களைத் தூண்டிலில் இழுத்து விளையாடுவது எங்கள் துரையின் பொழுதுபோக்கு. இந்த முறை சமையலுக்கு என் தம்பி அந்தோணியைக் கூட்டிப்போனார். படகிலிருந்து விழுந்து செத்தான் என்று போன வாரம் தந்தி வந்தது.

நேற்று பங்களா பட்லர் வந்து, "துரை அனுப்பின பெட்டி நாளைக்கு ரயில்ல வருது" என்றார். அந்தோணியின் உடல்தான் என்று நினைத்தோம்; எங்களுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

இன்று அவரும் நானும் கண்டோன்மென்ட் ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் நீலசந்திராவில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஆள் நீளப் பெட்டி. உபதேசியார் ஜெபப் புத்தகத்தோடு நின்றார். அம்மா மடியில் புதுத் துணி.

நான்தான் மூடியை நெம்பினேன். உள்ளே முழுக்க உப்பு. அதற்குள் ஈட்டி மாதிரி மூக்கோடு ஒரு மீன். துரைமார் சுட்டு வரும் புலியையும் மானையும் தோலுரித்து வைக்கோல் அடைத்துப் பாடம் பண்ணிக் கொடுப்பது என் தொழில். இதையும் அதற்குத்தான் அனுப்பியிருக்கிறார்.

உபதேசியார் புத்தகத்தை மூடினார்.

"அந்தோணி எங்கே?" என்று பட்லரைக் கேட்டேன்.

"கடல்லயே விட்டுட்டாங்க, சவரி. இங்க வர்றதுக்குள்ள உடம்பு கெட்டுடும்னு துரை சொல்லிட்டாராம்."

அம்மா அழவில்லை. பெட்டிக்குள் கைவிட்டு உப்பை அள்ளிப் பார்த்தாள்.

"மீனுக்கு இவ்வளவு உப்பு இருந்திருக்கு. எம் புள்ளைக்கு இல்லையாடா?"

அவள் கையிலிருந்த உப்பை வாங்கி மீன்மேலேயே போட்டேன். இல்லாவிட்டால் கெட்டுவிடும்.