கடைசி இடத்துக்காரர்

இராஜபாளையம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மாப்பிள்ளை கௌதம்ராஜுக்கு,

காளிராஜ் எழுதுகிறேன். தினமும் குரூப்பில் பேசுகிறவன் தபாலில் எதற்குக் கடிதம் போடுகிறான் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். போனிலும் நேரிலும் உன்னிடம் வாய் திறக்க மாட்டேன் என்று ஒருவருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஓசூரில் மழை உண்டா? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கடை பரவாயில்லாமல் ஓடுகிறது, ஜெராக்ஸ் மிஷின்தான் அடிக்கடி மக்கர் பண்ணுகிறது. தங்கச்சி பிரிஸ்கில்லாவுக்கு இருமல் தேவலையா?

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நீ குரூப்பில் போட்ட அறிவிப்பைப் பார்த்து எனக்குக் கோபமாக வந்தது. நம் ஃபேன்டசி ஃபுட்பால் லீக்கில் கடைசி இடத்தில் கிடக்கும் 'சஞ்சீவி மலை எஃப்.சி.' அணியை இந்த ஞாயிற்றுக்கிழமை கடைசிச் சுற்றுக்கு முன்னால் நீக்கப் போகிறாயாமே. காயம்பட்ட ஆட்டக்காரர்களையே பொறுக்கி வைத்து ஒருவன் கேலி பண்ணுகிறான், லீக்கின் மானம் போகிறது என்று எழுதியிருந்தாய். ஆரம்பித்தவன் நீ, நடத்துகிறவனும் நீ, உனக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அதை மட்டும் செய்துவிடாதே. கூமாப்பட்டியில் இருக்கும் என் சித்தப்பா மகனின் அணி என்று நான் சொன்னது பொய். அது உன் அப்பாவின் அணி.

ஆமாம், சௌந்தரபாண்டியன் மாமாவேதான். தேவதானத்துத் தென்னந்தோப்பைத் தவிர வேறு நினைப்பே இல்லாத மனிதர்.

ஆவணியில் ஒருநாள் ரீசார்ஜ் பண்ணக் கடைக்கு வந்தார். கம்ப்யூட்டரில் நம் லீக்கின் புள்ளிப் பட்டியல் திறந்து கிடந்தது. மேலே உன் பெயரைப் பார்த்துவிட்டு, இது நம்ம கௌதமாலே என்று கேட்டார். உன் கல்யாணத்துக்குப் பிறகு அவர் வாயால் உன் பெயரை அன்றுதான் கேட்டேன். இங்கிலாந்தில் ஆடுகிறவர்களில் பதினைந்து பேரை நாம் பொறுக்கி வைக்க வேண்டும், அவர்கள் அங்கே கோல் போட்டால் இங்கே நமக்குப் புள்ளி, கேப்டனுக்கு இரட்டிப்பு என்றெல்லாம் விளக்கினேன். எதுவும் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. கடைசியா வாரவன் என்னலே செய்யணும் என்று மட்டும் கேட்டார்.

நீ முதல் வருஷம் போட்ட சட்டத்தைச் சொன்னேன். கடைசி இடத்துக்காரன் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்ப் பால்கோவா வாங்க வேண்டும். முதல் இடத்துக்காரன் எந்த ஊரில் இருந்தாலும் அவன் வீட்டுக்கே கொண்டுபோய், வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் தன் கையால் எடுத்துக் கொடுத்து, ஒருவேளை அங்கே சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். போன வருஷம் வேல்பாண்டி நாகர்கோவிலில் ஜெபின் வீட்டுக்குப் போய் வந்த கதையையும் சொன்னேன். மாமா எழுந்து போனார். ஊர் பஸ் ஏறியிருப்பார் என்று நினைத்தால், ஒரு டீயைக் குடித்துவிட்டு மறுபடி வந்து நிற்கிறார். என்னையும் சேத்துவிடுலே, அவனுக்கு மட்டும் தெரியக் கூடாது என்றார்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறார். பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி இருக்கிறவனாகப் பார்த்து, இவனைப் போடு என்பார். மாமா, இவன் கால் ஒடிஞ்சு கெடக்கான் என்றால், கெடக்கட்டும் போடு என்பார். கணக்குக்கு மேல் ஆளை மாற்றினால் நாலு புள்ளி குறையும் என்று எச்சரித்தேன். அப்ப இன்னும் ரெண்டு பேரை மாத்து என்றார். இவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே நான் முடிவு கட்டியிருந்தேன்.

தை மாதம் ஒரு கூத்து நடந்தது. அவர் கேப்டனாக்கி வைத்திருந்த கால் ஒடிந்தவன் எழுந்து வந்து, ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டுவிட்டான். சஞ்சீவி மலை மடமடவென்று ஏறி வேல்பாண்டிக்கு மேலே போய் உட்கார்ந்துவிட்டது. நான் பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னேன். மாமா முகம் செத்துப்போயிற்று. எம்புட்டுப் பாடுபட்டுக் கீழ கெடந்தேன், இந்தப் பய வந்து கெடுத்துட்டானேலே என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, முதல்ல கௌதம்தான இருக்கான் என்று கேட்டார். அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது.

நான் சும்மா விடவில்லை. ஒரு போன் பண்ணிவிட்டு நேராகப் போக வேண்டியதுதானே மாமா என்று வைதேன். நீயாகக் கூப்பிடாமல் உன் வீட்டுப் படி ஏறக் கூடாது என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனாயாமே. சொன்னது அவன்தான், ஆனா அவனைச் சொல்ல வச்சது நான்லா என்றார். அவன் கட்டுன பிள்ளையையும் அது கும்பிடுற சாமியையும் பேசாத பேச்செல்லாம் பேசிட்டேன், எந்த மூஞ்சியோட போய் நிப்பேன், சட்டப்படி வந்தேன்னா ஏன் வந்தேன்னு யாரும் கேக்க மாட்டாகள்லா என்றார். கடையில் ஆட்கள் நிற்பதைக்கூடப் பார்க்காமல் அழுதார் மாப்பிள்ளை. சத்தியம் செய்து கொடுத்தது அன்றைக்குத்தான்.

நீ ஸ்டேட்டஸில் பாப்பா போட்டோ வைத்தால் என் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார். போன வாரம், புள்ளைக்குப் பல்லு மொளைச்சிருச்சா, பால்கோவா திங்குமா என்று கேட்டார். பால்கோவாவுக்கு எதுக்கு மாமா பல்லு என்றேன். அதுஞ்சரிதான் என்று சிரித்தார். வெள்ளைச் சட்டை ஒன்று தைக்கக் கொடுத்திருக்கிறார். ஓசூர் பஸ் எங்கே நிற்கும் என்றும் விசாரித்து வைத்திருக்கிறார்.

அந்த அணியை நீக்கினால் வேல்பாண்டி கடைசி ஆவான். அவன் வந்து உன் வீட்டில் ஒரு கட்டுக் கட்டிவிட்டுப் போவான். அது யாருக்கு வேணும்?

பிரிஸ்கில்லாவிடம் இந்தக் கடிதத்தைக் கொடு. மனசுக்கு ஒப்பவில்லை என்று அவள் சொன்னால் அது நியாயம்தான். எனக்கு ஒரு வார்த்தை சொல், மாமாவை எப்படியாவது நிறுத்திவிடுகிறேன். அவள் சரி என்றால் அறிவிப்பை எடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல் இரு. மாமாவுக்குக் காரம் ஆகாது, சமைக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. போன வாரம் நீ கோல்கீப்பரைக் கேப்டனாக்கியதற்கு மாமா உன்னை வைத வசவை எழுத முடியாது. ஜெபின் உன்னை எட்டிப்பிடிக்கிற தூரத்தில் நிற்கிறான். நீ சறுக்கினால் அவர் பால்கோவாவைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவிலுக்கல்லவா போக வேண்டும். உன்னைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ஒழுங்கான ஆளாகப் பார்த்துப் போடு. கடைசி இடத்தை அவர் பார்த்துக்கொள்வார். முதல் இடத்தை நீ விட்டுவிடாதே.

பாப்பாவுக்கு என் முத்தங்கள்.

உன்
காளிராஜ்