உன் பேரைப் போட்ட போர்டு

என் மாப்ள அழகருக்கு,

எப்படிடா இருக்கே என்றுதான் முதலில் எழுத வருகிறது. பழக்கதோஷம், என்ன செய்ய?

பழைய இரும்புக்கடையிலிருந்து நாம் இரண்டு பேரும் மீட்டுவந்த அந்தக் கிழட்டு லாரி ஓடுதுடா. என்ஜின் முழுக்க நீ கட்டியது. பெயிண்டும் தகர வேலையும் என்னுடையது. ஓட்டிப் பார்க்கும் முன்னே நீதான் போய்ச் சேர்ந்துவிட்டாய். அந்த ஆற்றாமையில், உன் பேரைப் பெரிசாகப் பொறித்து ஒரு எவர்சில்வர் போர்டு செய்து முன்பக்கம் மாட்டினேன். ராஜபாளையத்தில் பார்த்தவர்களெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்வதற்குள் ரேடியேட்டர் கொதித்தது. ஹோஸை மாற்றினேன், வாட்டர் பம்பை மாற்றினேன், ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பெடுத்தேன். மறுபடியும் கொதி. கடைசியில் நம்ம டீக்கடையில் வைத்துச் சொல்லிவிட்டேன் மாப்ள: “அழகரு நல்லவன்தான். என்ஜின் கட்டுனதுல எங்கயோ கோட்டை விட்டுட்டான்.” கடையே கேட்டது. பதில் சொல்ல நீ இல்லை என்கிற தைரியமா எனக்கு?

போன வாரம் உன் வீட்டுக்காரி முத்துலட்சுமி, “அவிய கட்டுன வண்டியில ஒரு தடவ பிளவக்கல் டேம் வரைக்கும் போகணும்ணே” என்றாள். கூட்டிப்போனேன். கூமாப்பட்டி வருவதற்குள் ஆவி குபுகுபுவென்று கிளம்பிவிட்டது. அவளிடமும் அதே பாட்டைப் பாடினேன்.

அவள் இறங்கிப்போய்ச் செத்த நேரம் வண்டி முன்னால் நின்றாள்.

“ஏண்ணே, ஆயுத பூசைக்குப் போட்ட மாலையக்கூட, வண்டிய எடுக்கு முன்ன அவிய கழட்டிருவாவளே, காத்து போகணும்னு. இம்புட்டுப் பெரிய போர்ட வச்சு அடைச்சா அது எப்படி மூச்சு விடும்?”

ஸ்பேனரை எடுத்துப் போர்டைக் கழற்றினேன். ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கிளப்பினோம். டேம் போகிற வரைக்கும் ஹீட் மீட்டர் முள் பாதியைத் தாண்டவில்லை. போர்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்:

“அவிய பேரப் போட்டே அவிய பேரக் கெடுத்துட்டியளே அண்ணே.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை. திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

நாளைக் காலையில் அதே டீக்கடைக்குப் போகிறேன். உன் என்ஜினை அணைக்காமல் வாசலில் ஓடவிட்டு, எந்த வாயால் சொன்னேனோ அந்த வாயாலேயே, கடை முழுக்கக் கேட்கச் சொல்வேன்: “கோளாறு என் போர்டுலதான். அழகரு கட்டுனது தங்கம்.” நான் பேசி முடித்த பிறகும் அது ஓடிக்கொண்டே இருக்கும். அவர்கள் அதைக் கேட்கட்டும்.

இன்னமும் நீ மாப்ள என்றே கூப்பிடுவாய் என்று நம்பும்,
உன் சுப்பையா